படித்ததா, பாக்கியா? மெயில் நிரல் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டிய சின்ன விஷயங்கள்

மெயில் நிரலை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு. எத்தனை ஜிபி இடம் தருவார்கள், காலண்டர் சேர்ந்து வருமா, நீளமான மெயிலைச் சுருக்கித் தருமா. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் மாறிய பிறகு தினமும் காலையில் நம்மை இடறுவது வேறு விஷயங்கள். பட்டியலில் கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டு போனால், தடித்த எழுத்தில் இருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக மெலிந்து போகின்றன. ஒன்றை அழித்தால் அடுத்தது தானாகத் திறந்துகொள்கிறது. நாம் அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, அது படித்த கணக்கில் சேர்ந்துவிட்டது. பழையதிலிருந்து தொடங்கிப் படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு நிரல் புதியதையே முதலில் நீட்டுகிறது.

ஒவ்வொன்றும் ஒரு செக்பாக்ஸ் அளவு சமாசாரம். மெயில் நிரலை இந்தச் செக்பாக்ஸ்களை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அவுட்லுக், தண்டர்பேர்ட், ஜிமெயில், விசைப்பலகையால் மட்டும் இயக்கும் மட் ஆகிய நான்கையும் அந்தக் கண்ணோடு பார்க்கிறேன். எது சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், நீங்கள் மெயிலை எப்படிப் படிப்பவர் என்ற கேள்வி இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

தடித்த எழுத்து என்றால் பாக்கி

என் தங்கை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி வரிக் கணக்கு தாக்கல் செய்ய இரண்டு கெடு. அதற்கு முந்தைய நாட்களில் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், விட்டுப்போன இன்வாய்ஸ் என்று கிளையன்ட்டுகளிடமிருந்து மெயில் வந்துகொண்டே இருக்கும். வந்தவுடன் என்ன ஏது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவாள். ஆனால் அந்த வேலை முடிந்தால்தான் அவள் கணக்கில் அது படித்த மெயில். அதுவரை தடித்த எழுத்திலேயே நிற்க வேண்டும். பழைய மளிகைக் கடைகளில் பணம் வராத பில்லைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, அந்த முறைதான்.

இதைக் கேட்டதும் பலரும் சொல்லும் யோசனை, "நட்சத்திரம் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?" என்பது. நானும் ஒருமுறை அவளிடம் கேட்டேன். "ஸ்டார் போடறது இன்னொரு வேலை அண்ணா. இது தானா வருது" என்றாள். அவள் சொல்வது சரி. படிக்காத நிலை மெயிலோடு கூடவே வருகிறது. நாம் எதையும் செய்ய மறந்தாலும் அது பாக்கியாகவே நிற்கும். நட்சத்திரமோ நாம் நினைவு வைத்துப் போட்டால்தான் உண்டு. போட மறந்த மெயில் பட்டியலுக்குள் கரைந்துவிடும். மறதி இருவருக்கும் வரும், ஆனால் தங்கையின் முறையில் மறதியால் மெயில் தொலையாது. போதாததற்கு, ஃபோல்டர் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலான நிரல்கள் காட்டும் எண்ணிக்கை படிக்காதவற்றின் எண்ணிக்கை. ஆகவே இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நிரல்தான் இதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

இடம்கொடுக்கத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த ஐமேப் நெறிமுறையின் வழியில்தான் இன்றும் பெரும்பாலான மெயில் நிரல்கள் சர்வரோடு பேசுகின்றன. அதில் ஒவ்வொரு மெயிலோடும் சில குறிகள் சர்வரிலேயே இருக்கும்: பார்த்தது, பதில் போட்டது, கொடியிட்டது, அழிக்க வேண்டியது, வரைவு. மெயிலின் உள்ளடக்கத்தைக் கேட்க இரண்டு விதம் உண்டு. சாதாரணமாகக் கேட்டால், 'பார்த்தது' குறியைச் சர்வரே போட்டுவிடும். 'பீக்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் மெயிலைக் கொடுக்கும், குறியைத் தொடாது. எனவே குறியை எப்போது போடுவது, போடாமலே விடுவதா என்பது முழுக்க நிரலை எழுதியவர்கள் எடுக்கும் முடிவு. அந்த முடிவை அவர்கள் எவ்வளவு தூரம் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

அவுட்லுக் இதில் தாராளம். விண்டோஸில் ஓடும் பழைய கிளாசிக் அவுட்லுக்கில் ரீடிங் பேன், அதாவது பட்டியலை விட்டு நகராமலே மெயிலைக் காட்டும் பகுதி, அதன் அமைப்பைத் திறந்தால் மூன்று பெட்டிகள் இருக்கும். பேனில் இத்தனை விநாடி நின்றால் படித்ததாகக் கொள் என்பது முதல் பெட்டி. 5 விநாடி என்று போட்டிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். வேறு மெயிலுக்கு நகர்ந்தால் முந்தையதைப் படித்ததாகக் கொள் என்பது இரண்டாவது. மூன்றாவது ஸ்பேஸ் பாரால் படித்துக்கொண்டே போவது. நிரலை நிறுவும்போதே இரண்டாவது பெட்டியில் டிக் விழுந்திருக்கும். அம்புக்குறியில் இறங்க இறங்க மெயில்கள் மெலிந்து போவதன் காரணம் அந்த ஒரு டிக்தான். முதல் இரண்டையும் எடுத்துவிட்டால், நீங்களாகக் கண்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்தும் வரை பேனில் பார்த்த மெயில் தடித்தே நிற்கும். இரட்டைக் கிளிக் செய்து தனி ஜன்னலில் திறந்தால் மட்டும் குறி மாறிவிடும், அதைக் கவனத்தில் வைக்க வேண்டும். புதிய அவுட்லுக்கிலும் தானாகக் குறிக்காதே என்ற தேர்வு உண்டு. அலுவலகத்தில் அவுட்லுக்தான் என்று கட்டாயம் இருப்பவர்கள் வேறு நிரல் தேடி அலைய வேண்டியதில்லை, அமைப்புகளில் சில நிமிடம் செலவிட்டால் போதும்.

தண்டர்பேர்ட் தன் இயல்பில் மெயிலைக் காட்டிய உடனே குறியைப் போட்டுவிடும். அமைப்புகளில் அதை விநாடிக் கணக்காக மாற்றலாம், அல்லது தானாகக் குறிப்பதையே நிறுத்தலாம். நிறுத்திவிட்டால் 'எம்' விசை ஒன்றுதான் வேலை: ஒருமுறை அழுத்தினால் படித்தது, மறுபடி அழுத்தினால் படிக்காதது. என் தங்கை போன்றவர்களுக்கு இதைவிட நேரான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஜிமெயிலின் கதை கொஞ்சம் சுற்று. வழக்கமான தோற்றத்தில் ஒரு மெயிலைக் கிளிக் செய்தால் அது முழுப் பக்கத்தில் திறக்கும், திறந்ததும் படித்ததாகிவிடும். அமைப்புகளில் ரீடிங் பேனை இயக்கினால்தான் கால அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வருகிறது: உடனே, 1 விநாடி, 3 விநாடி, 20 விநாடி, ஒருபோதும் வேண்டாம். கடைசித் தேர்வு இருப்பதே பலருக்குத் தெரியாது. உலாவியில் ஜிமெயிலை விட்டு வரவே மனம் இல்லாதவர்கள் ரீடிங் பேனைப் போட்டு, ஒருபோதும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ தண்டர்பேர்டின் நிலைக்கு வந்துவிடலாம்.

மட் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இந்த இடத்துக்கு வேண்டியது இவ்வளவு: அது மெயிலைத் திறந்ததும் குறியைப் போட்டுவிடும். ஆனால் ஒரு நுணுக்கம் அதில் உண்டு. இப்போது வந்த மெயில் ஒரு நிலை. சென்ற தடவை நிரலை மூடும்போதே இருந்து, அப்போதும் திறக்கப்படாதது வேறொரு நிலை. இன்று வந்த பாக்கியும் பழைய பாக்கியும் வேறுவேறு எழுத்தோடு பட்டியலில் நிற்கும். வேண்டாதவர்கள் ஒரு வரியில் இதை அணைத்துவிடலாம்.

உட்கார்ந்தால் முடித்துவிட்டு எழுபவர்கள்

இன்னொரு வகையினர் மெயிலை வேலைப் பட்டியலாகப் பார்ப்பதில்லை. செய்தி மடல்கள், குழு விவாதங்கள், சங்கத்துச் சுற்றறிக்கைகள் என்று சேர்த்து வைத்து, ஒருநாள் மாலை உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவார்கள். நான் இந்த வகை. இவர்களுக்குக் குறி எப்போது விழுகிறது என்பது பெரிய விஷயமில்லை. அடுத்த மெயிலுக்கு எப்படிப் போவது, எந்தத் திசையில் போவது என்பவைதான் முக்கியம்.

தண்டர்பேர்டின் ஸ்பேஸ் பார் இதற்கென்றே செய்தது போல இருக்கும். அழுத்த அழுத்த மெயில் கீழே நகரும். முடிவுக்கு வந்ததும் அடுத்த படிக்காத மெயிலுக்குத் தாவும். ஃபோல்டர் முடிந்துபோனால் அடுத்த ஃபோல்டருக்குப் போகட்டுமா என்று கேட்கும். 'கே' விசையை அழுத்தினால் வேண்டாத விவாதம் மொத்தமும், இனி அதில் வரப்போகும் பதில்கள் உட்பட, ஒதுக்கப்பட்டுவிடும். மெளஸைத் தொடாமல் ஒரு வாரத்துச் செய்தி மடல்களைப் படித்து முடிக்கலாம். மட்டிலும் ஸ்பேஸ் பார் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும்.

ஆனால் இதே வசதி என் தங்கைக்கு உபத்திரவம். கீழே இன்னும் ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்பேஸ் பாரை அழுத்துவாள். நிரல் அடுத்த மெயிலைத் திறந்துவிடும். ஒருவர் கேட்டு வாங்கிய வசதி பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குத் தொந்தரவாவது இப்படித்தான். நல்ல நிரல் என்று நான் சொல்வது இரண்டு பேருக்கும் வழி வைத்திருப்பதை. மட்டில் பக்கத்தின் முடிவிலேயே நின்றுவிடச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு. தண்டர்பேர்டிலும் உண்டு, ஆனால் அது சாதாரண அமைப்புப் பக்கத்தில் கிடைக்காது, உள்ளே மறைந்திருக்கும் அமைப்புகளின் பட்டியலான கான்ஃபிக் எடிட்டருக்குள் போய்த்தான் தேட வேண்டும். இவ்வளவு அன்றாடமான விஷயத்தை அங்கே கொண்டுபோய் வைத்தது தண்டர்பேர்டின் குறை.

ஜிமெயிலில் ஸ்பேஸ் பார் பக்கத்தை நகர்த்துவதோடு சரி. அதற்குப் பதிலாக ஆட்டோ அட்வான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மெயிலை அழித்ததும், அல்லது ஆர்க்கைவ் செய்ததும் (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்து வைத்ததும்), எங்கே போக வேண்டும் என்று அதில் சொல்லலாம்: புதியதை நோக்கி, பழையதை நோக்கி, அல்லது பட்டியலுக்கே திரும்பி. இதை மேம்பட்ட அமைப்புகளில் முதலில் இயக்கிவிட்டு, பொது அமைப்புகளில் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழையதிலிருந்து படிப்பவர்களுக்கு ஜிமெயிலில் இருக்கும் நல்ல வழி இதுதான். படிக்காதவற்றில் மிகப் பழையதைத் திறந்துகொண்டு, புதியதை நோக்கி என்று வைத்தால், ஒவ்வொன்றாக ஆர்க்கைவ் செய்துகொண்டே இன்றைய தேதிக்கு வந்து சேரலாம்.

பழையதிலிருந்து ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு அந்த முடிவைப் படிப்பதும், முடிவை மட்டும் படிப்பதும் ஒன்றாகாது. அதிக நாள் காத்திருப்பவருக்கு முதலில் பதில் போடுவது மரியாதையும்கூட. தண்டர்பேர்டில் தேதித் தலைப்பை ஒருமுறை கிளிக் செய்தால் வரிசை திரும்பிவிடும், அப்புறம் அப்படியே இருக்கும். மட் இயல்பிலேயே பழையதை மேலேயும் புதியதை அடியிலும் வைக்கிறது.

பேச்சு முழுதும் ஒரே இடத்தில்

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று வந்தபோது 1 ஜிபி இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். படிக்கும் பழக்கத்தை மாற்றியது அதன் உரையாடல் தோற்றம். கேள்வி, பதில், அதற்குப் பதில், நாம் அனுப்பியது எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கி வந்தன. பிடிக்காதவர்கள் அதை அணைத்துக்கொள்ளும் வசதி 2010இல்தான் கிடைத்தது.

ஒரு விவகாரத்தை முழுக்கத் தொடர்பவர்களுக்கு இந்தத் தோற்றம் மிக நல்லது. நாமே என்ன எழுதினோம் என்று அனுப்பியவை ஃபோல்டரில் போய்த் தேட வேண்டாம். ஆனால் தடித்த எழுத்தைப் பாக்கியாக வைப்பவருக்கு இது நேர் எதிரி. உரையாடலைத் திறந்தால் அதில் உள்ள அத்தனை மெயிலும் ஒரே நேரத்தில் படித்ததாகிவிடும். நான்கில் மூன்றை முடித்துவிட்டேன், நான்காவதற்குத்தான் நாளைக்கு வேலை என்று வைக்க வேண்டுமானால், அந்த மெயிலின் மெனுவுக்குள் போய் 'இங்கிருந்து படிக்காததாக்கு' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு சிக்கல், மெயில் முகவரியைத் தேடச் சோம்பி, பழைய மெயில் ஒன்றை எடுத்து அதற்கே ரிப்ளை போட்டுப் புது விஷயம் பேசும் பழக்கம். அதை நம் அலுவலகங்களில் நிறையப் பார்க்கிறேன். அப்படி வரும் மெயில், தலைப்பை மாற்றாத வரை, பழைய உரையாடலின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மார்ச் மாத வாடகை பற்றிய பேச்சுக்குக் கீழே ஜூலை மாதப் புகார் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

தண்டர்பேர்ட் உரையாடலை மரக்கிளை போல விரித்துக் காட்டும். ஒவ்வொரு மெயிலும் தனித்தனி, குறியும் தனித்தனி. இது என் தங்கைக்குப் பொருந்தும். ஆனால் நாம் அனுப்பிய பதில்கள் அந்தக் கிளையில் வராது, அவை அனுப்பியவை ஃபோல்டரில் கிடக்கும். கணக்கு அமைப்பில், பதிலை மூல மெயில் இருக்கும் ஃபோல்டரிலேயே வை என்ற பெட்டியில் டிக் போட்டால் இந்தக் குறை தீரும். தண்டர்பேர்டுக்கு மாறுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் அதுவரை அனுப்பிய பதில்கள் வேறு இடத்தில் சேர்ந்திருக்கும். அவுட்லுக்கும் உரையாடலாகக் காட்டும். புதிய அவுட்லுக்கில் புதியது மேலே வர வேண்டுமா, அடியில் வர வேண்டுமா, தனித்தனியாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்கிறது. ஆப்பிள் மெயிலிலும் இந்த வரிசையை மாற்றலாம்; உரையாடலைத் திறந்ததும் எல்லாவற்றையும் படித்ததாக்க வேண்டுமா என்பதற்கும் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டி ஜிமெயிலில் இருந்திருந்தால் நான் இத்தனை பத்தி எழுத வேண்டியிருந்திருக்காது.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டும்

இரண்டு விஷயங்களை வேறு மொழி ஒப்பீடுகளில் பார்க்க முடியாது. ஜிமெயில் சுமார் 102 கேபிக்கு மேல் போகும் மெயிலை வெட்டி, மீதியைப் பார்க்க அடியில் ஓர் இணைப்பை வைக்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 'கு' என்ற ஓரெழுத்தே உயிர்க்குறியையும் சேர்த்து 6 பைட் ஆகிறது. அதனால் அதே நீளத்து ஆங்கில மடலைவிடத் தமிழ் மடல் வெகு சீக்கிரம் அந்த வரம்பைத் தொடும். தமிழில் நீண்ட செய்தி மடல்கள் படிப்பவர், கட்டுரை சட்டென்று நின்றுவிட்டது போலத் தோன்றினால் அடியில் அந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டர்பேர்டில் இந்த வெட்டு கிடையாது.

இன்னொன்று மட் பற்றியது. மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய இந்த நிரல் கறுப்புத் திரை டெர்மினலில் ஓடும். மேலே சொன்ன பழக்கங்களில் பலவற்றுக்கு அதில் ஓர் அமைப்பு வரி இருக்கும். மெயில் படிப்பதில் இவ்வளவு நுணுக்கமான கட்டுப்பாட்டை மற்ற மூன்றும் தருவதில்லை. ஆனால் பல டெர்மினல்களில் தமிழ் சரியாக வராது. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், 'கொ' என்பது உடைந்து தெரியும். வண்ணமும் படமுமாக வரும் ஹெச்டிஎம்எல் மெயிலைப் படிக்க இன்னொரு நிரலின் துணையும் வேண்டும். ஆங்கில மெயில் மட்டும் வருகிற, விசைப்பலகையை விட்டுக் கையெடுக்க விரும்பாத நிரலாளர்களுக்கு மட்டைத் தயங்காமல் சொல்வேன். வீட்டுக் கடிதங்களும் இலக்கிய மடல்களும் தமிழில் வருபவர்களுக்குச் சொல்லமாட்டேன்.

காசு கொடுத்து வாங்கும் ஹே என்ற சேவையும் உண்டு, 2020இல் வந்தது. புதிதாக எழுதுபவரை உள்ளே விடலாமா என்று முதலில் கேட்கும், படிக்காதவற்றை ஒரே நீளப் பக்கமாகக் காட்டும். நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது தன் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுக்கும் நிரல். பல ஆண்டுப் பழக்கம் ஒன்றை வைத்திருப்பவருக்கு அது ஒத்துவராது.

கைபேசியையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

'பார்த்தது' குறி சர்வரில் இருப்பதால், கணினியில் எவ்வளவு கவனமாக அமைத்தாலும், பேருந்தில் கைபேசியில் திறந்த மெயில் அலுவலகக் கணினியிலும் மெலிந்துவிடும். ஜிமெயில் செயலியில் திறந்தாலே குறி விழுந்துவிடும். ஆண்ட்ராய்டில் கே-9 மெயில் என்று பல ஆண்டு இருந்த செயலியின் அடிப்படையில் 2024 அக்டோபரில் வந்த தண்டர்பேர்டில், திறக்கும்போது படித்ததாகக் குறிப்பதை அணைத்துவிடலாம். அழித்த பிறகு பட்டியலுக்குத் திரும்பவா, அடுத்ததைக் காட்டவா என்பதையும் சொல்லலாம். கைபேசியில் படித்தது கணினிக்குத் தெரியவே வேண்டாம் என்பவர்கள் இரண்டில் ஒன்றை, மெயிலைச் சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இணைக்கலாம். அந்த நெறிமுறையில் இந்தக் குறிகளே கிடையாது. சர்வரில் பிரதியை விட்டு வை என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, எதை எடுப்பது? தடித்த எழுத்தைப் பாக்கியாக வைப்பவர்களுக்குக் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் தண்டர்பேர்ட், இரண்டிலும் தானாகக் குறிப்பதை அணைத்து. வரிசையாகப் படித்து முடிப்பவர்களுக்கும் தண்டர்பேர்ட்தான், ஆனால் தானாகக் குறிப்பது அப்படியே இருக்கட்டும். உரையாடல் முழுவதையும் ஒரே பார்வையில் கேட்பவர்கள் ஜிமெயிலை விட்டு நகர வேண்டாம். ரீடிங் பேனும் ஆட்டோ அட்வான்ஸும் போட்டுக்கொண்டால் போதும். அலுவலகம் அவுட்லுக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு டிக்கை எடுத்துவிட்டு அங்கேயே இருக்கலாம்.

மாறுகிறவர்கள் பழைய நிரலை உடனே நீக்க வேண்டாம். ஐமேப்பில் இரண்டும் ஒரே சர்வரைத்தான் பார்க்கின்றன, ஆகவே ஒரு வாரம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். பழையதில் தானாகக் குறிக்கும் வசதியை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், புதியதில் நீங்கள் பாக்கியாக வைத்த மெயிலைப் பழையதில் பார்த்தவுடன் அது படித்ததாக்கிவிடும்.